புளிச்சகீரைக்குப் போலீஸா?

போன வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் போலீஸ் ஜீப். கையெல்லாம் இட்லி மாவோடு ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். “மொட்டை மாடியில கஞ்சா வளர்க்கிறதா தகவல் வந்திருக்கும்மா, பார்க்கணும்” என்கிறார் எஸ்ஐ. எனக்கு வயது 54. இந்த வீட்டில் யாருக்காவது ஏதாவது போதை உண்டென்றால் அது ஃபில்டர் காபிதான்.

மேலே போனதும் நேராக என் புளிச்சகீரைத் தொட்டி முன்னால் போய் நின்றார். ஐந்து விரலை விரித்த மாதிரி இலை, ஓரமெல்லாம் பல். செல்போனில் இருந்த போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். நானும் எட்டிப் பார்த்தேன். எதிர் பிளாட் மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து எடுத்த போட்டோ! போன பொங்கலுக்கு என் அவரைக்காயை வாங்கித் தின்ற வீடு ஐயா அது!

சரி, இலை கஞ்சா மாதிரிதான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். இதன் தாவரவியல் பெயரே ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ். அந்தச் சாயலால் வந்த பெயர்தான். ஆனால் கொஞ்சம் குனிந்து பார்த்தால் அடி இலைகள் பூவரச இலை மாதிரி பிளவே இல்லாமல் இருக்கும். மேல் இலையிலும் விரல்கள் அடியில் ஒட்டித்தான் இருக்கும். கஞ்சாவில் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். யார் குனிகிறார்கள்? “ஒரு இலையைக் கிள்ளி வாயில போட்டுப் பாருங்க சார்” என்றேன். அவர் போடவில்லை. கூட வந்த கான்ஸ்டபிள் தம்பி போட்டு மென்றார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. “புளிச்சகீரைதான் சார், எங்கம்மா கடைவாங்க.” விசாரணை முடிந்தது.

போலீஸை விடுங்கள், தகவல் வந்தால் வரத்தான் வேண்டும். எனக்கு வயிறு எரிவது அந்தப் பால்கனி மகராசனை நினைத்துத்தான். கஞ்சா வளர்த்தால் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி 10 ஆண்டு வரை கடுங்காவல். “என்ன செடிக்கா இது?” என்று ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை, போட்டோ எடுத்து அனுப்ப மட்டும் கை வருகிறது. அதே சட்டத்தின் 58-ஆவது பிரிவையும் படித்து வையுங்கள் சாமி: கெட்ட எண்ணத்தோடு பொய்த் தகவல் கொடுத்துச் சோதனை நடக்க வைத்தால் 2 ஆண்டு வரை உள்ளே இருக்கலாம்.

அமெரிக்காவிலும் இதே கூத்துதான். கான்சஸில் 2012-இல், வீட்டுக்குள் தக்காளி வளர்த்த குடும்பத்தின் வீட்டில் போலீஸ் துப்பாக்கியோடு புகுந்தது. அவர்கள் குப்பையில் போட்ட தேயிலைச் சக்கையைச் சோதனைக் கருவி கஞ்சா என்று சொல்லிவிட்டதாம்!

எங்கள் தெருவுக்குக் கருவிகூட வேண்டாம். ஜீப் வந்ததை எல்லோரும் பார்த்தார்கள், சும்மா திரும்பிப் போனதை ஒருவரும் பார்க்கவில்லை. மறுநாள் பால்காரர்கூட பாக்கெட்டைக் கையில் தராமல் வாசற்படியில் வைத்துவிட்டுப் போகிறார்.

அவரைக் கொடி இப்போதுதான் பூ விட்டிருக்கிறது. பொங்கலுக்குக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வரட்டும், வைத்துக்கொள்கிறேன்.