கொம்பு முறிந்த பிறகு

2020ஆம் ஆண்டு மே மாதத்தில் என் அக்காவின் மகன் சொன்ன ஒரு வார்த்தைக்கு அப்போது என்னிடம் பதில் இருக்கவில்லை. மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு போட்ட நாளிலிருந்து அவனுக்கு மேசன் வேலை இல்லை. அரசாங்கம் கொடுத்த 5,000 ரூபாய் எத்தனை நாள் சாமானுக்குக் கண்டது என்று வாசலில் நின்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு, உலகம் இதைவிடப் பெரிய கொள்ளைநோய்களைக் கண்டது, அரசுகள் வரும் போகும், மனதைக் கலங்கவிடக் கூடாது என்று ஏதோ பேசினேன். "மாமா, மாதம் முடிய பென்சன் வந்தா நானும் தத்துவம் பேசுவன்" என்றான்.

அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. தத்துவப் பார்வை என்பது தூரத்தில் நின்று பார்ப்பது என்றே நானும் அதுவரை எண்ணியிருந்தேன். தூரத்தில் நிற்பதற்கு வசதி வேண்டும். அந்த வசதி எனக்கு இருந்தது, அவனுக்கு இல்லை. அதைத்தான் அவன் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த வருடம் வைகாசிச் சடங்கில் கண்ணகி அம்மன் கோயில்களில் சனம் கூடவில்லை. தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் என்று கிழக்கிலங்கைக் கரை நெடுக இருக்கும் இந்தக் கோயில்களில் கதவு திறப்பதில் தொடங்கி, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியில் முடிகிற அந்த நாட்களை, எங்கள் பக்கத்தில் வளர்ந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. மதுரையை எரித்த சினம் இன்னும் ஆறவில்லை, அந்தச் சூடுதான் அம்மையாகவும் வரட்சியாகவும் ஊருக்குள் இறங்குகிறது, ஆகவே அவளைக் குளிரப் பாடவேண்டும் என்பது நம் முன்னோரின் கணக்கு. நோய்க்கிருமியைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. ஆனால் நோயும் சினமும் ஒரே வண்டியில் வந்து இறங்குபவை என்பது தெரிந்திருக்கிறது.

கொம்புமுறி விளையாட்டை நினைத்தால் இது இன்னும் தெளிவாகும். மழை பொய்த்தால், கொள்ளைநோய் வந்தால், ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு கட்டி இழுக்கும். ஒன்று முறியும்வரை இழுவை நிற்காது. ஒரு பக்கம் கோவலனுடையது, மறு பக்கம் கண்ணகியுடையது. எதிர்ச் சேரியைத் திட்டுவதற்கென்றே வசைப் பாட்டுகள் இருந்தன. சாதாரண நாளில் வாயிலெடுத்தால் கைகலப்பில் முடியும் சொற்களை அன்றைக்கு மட்டும் தாளத்தோடு பாடலாம். ஊர் சாவுக்குப் பயந்து நடுங்கும் நேரத்தில் ஒருவரையொருவர் கடிக்கத்தான் போகிறது என்று அறிந்து, அந்தக் கடிக்கு ஒரு களமும், ஒரு கயிறும், ஒரு முடிவுநாளும் வைத்தவர்களை வெறும் மூடநம்பிக்கைக்காரர் என்று ஒதுக்க எனக்கு இப்போது மனம் வருவதில்லை. (வகுப்பில் ஒருகாலத்தில் ஒதுக்கியிருக்கிறேன்.) கொம்பு முறிந்துவிட்டால் வசையும் நின்றுவிட வேண்டும் என்பதுதான் அந்த விளையாட்டின் மூளை.

2020இல் எங்களுக்குக் கொம்பும் இல்லை, முடிவுநாளும் இல்லை. கையில் தொலைபேசி இருந்தது.

அதற்கு முந்திய ஆண்டு, ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இஸ்லாமியத் தீவிரவாதி ஒருவனின் குண்டு வெடித்துப் பிள்ளைகள் உட்பட எத்தனையோ பேர் செத்துப்போன புண் ஆறியிருக்கவில்லை. தமிழர் கடைத்தெருவுக்கும் முஸ்லிம்களின் ஊரான காத்தான்குடிக்கும் இடையில் சில மைல்தான் தூரம் என்றாலும் அந்தத் தூரம் நீண்டுகொண்டே போனது. அந்த மனநிலையில்தான், காத்தான்குடியில் நோயாளிகளை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு செய்தி என் தொலைபேசிக்கு வந்தது. எழுதியவர் பெயர் இல்லை, நாள் இல்லை, எழுத்துப்பிழை நிறைய. பிள்ளைகளின் கொப்பியில் இருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். ஆனால் அதை இரண்டாம் தடவை வாசிக்காமல், ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். மாமன் மருமகனுக்குத் தத்துவம் சொன்னதும் அதே கிழமைதான்.

ரோமப் பேரரசன் மார்க்கஸ் ஒரேலியஸைப் பலரும் இப்போது பேசுகிறார்கள். கிழக்கே போருக்குப் போய்த் திரும்பிய படைகளோடு கொள்ளைநோய் நாட்டுக்குள் வந்தபோது ஆட்சியில் இருந்தவன் அவன். போர் முகாமில் இருந்தபடி, தன் மனதைத் தானே திருத்திக்கொள்ளக் கிரேக்க மொழியில் குறிப்புகள் எழுதினான். இன்றைக்கும் படித்தால் நெஞ்சில் தைக்கும் குறிப்புகள். அதே அரசனின் ஆட்சியில்தான், 177ஆம் ஆண்டில், லியோன் நகரத்தில் கிறிஸ்தவர்கள் வதைத்துக் கொல்லப்பட்டார்கள். தன் மனத்தைக் குளிர்வித்துக்கொண்டவனின் நாட்டில் அடுத்தவன் எரிந்தான் என்பதை அவனைப் புகழ்கிறவர்கள் அதிகம் சொல்வதில்லை.

நம்மிடமும் இந்த மறதி உண்டு. கணியன் பூங்குன்றனாரின் முதலடியை மேடைக்கு மேடை முழங்குகிறோம். ஆற்றுநீர் போகும் வழியே போகிற தெப்பம் போன்றது உயிர் என்று பின்னால் வருவதைச் சிலர் சொல்வார்கள். அந்தத் தெப்பத்திலிருந்து அவர் எங்கே போய்ச் சேர்கிறார் என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. எல்லாரும் ஒரே நீரில் போகிறவர்கள் என்று கண்டபின் பெரியவரைக் கண்டு வியப்பதும் இல்லை, சிறியவரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடிக்கிறார். இதில் அரசியல் இருக்கிறது. 2019 நவம்பரில் ஜனாதிபதியான கோட்டாபய ராஜபக்ஷவைப் பார்த்து, எங்கள் பகுதியில் பெரும்பாலானோர் அவருக்கு வாக்களிக்காதபோதும், "கடுமையான ஆள், நாட்டைத் திருத்திப்போடுவார்" என்று பயத்தோடு கலந்த ஒரு வியப்பு இருந்ததை மறுக்க முடியாது. 2022 ஜூலை 13ஆம் திகதி அவர் நாட்டைவிட்டுப் போனார்; மறுநாள் பதவியையும் விட்டார். மூன்று வருடம்கூட நிறையவில்லை. அந்த வியப்பு கலைந்ததைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் இகழ்ச்சி கலைவது அவ்வளவு இலகுவாக இல்லை.

எங்கள் வீட்டுக்கு வருடக்கணக்காகத் தவணைக்குத் துணி கொண்டுவரும் முஸ்லிம் காக்கா (அண்ணன்) ஒருவர் இருக்கிறார். 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்தவர்களை எரித்தே தீரவேண்டும் என்று அரசாங்க வர்த்தமானி அறிவிப்பு வந்தது. புதைப்பதிலும் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், அது மாற 2021 பெப்ரவரி ஆனது. அந்த இடைக்காலத்தில் ஒருநாள் படலைக்கு வெளியே, முகக்கவசத்தை இறக்காமல் நின்றபடி அவர் சொன்னார்: "சேர், எனக்கு நோயில பயமில்ல. நோயோட மௌத்தாப் போனா மண்ணுக்குப் போக விடமாட்டாங்க, அதுதான் பயம்." சாவுக்குப் பயப்படாதே என்று சொல்லும் தத்துவங்கள் எனக்கு நாலைந்து தெரியும். அவருடைய பயத்துக்கு அவற்றில் ஒன்றும் பொருந்தவில்லை.

பிறகு ஓட்டமாவடியில் புதைக்க இடம் ஒதுக்கினார்கள். நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்த 3,000க்கும் அதிகமான உடல்கள், நான்கு மதத்தவருடையவை, எங்கள் மாவட்டத்து மண்ணில் கிடக்கின்றன. கட்டாயமாக எரித்ததற்கு 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

எதுவும் நம் கையில் இல்லை என்று சொல்வது எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது. வர்த்தமானி என் கையில் இல்லை, கிருமி என் கையில் இல்லை, டொலர் என் கையில் இல்லை. அந்த மே மாதத்தில் என் கையில் இருந்தது ஒரு கட்டைவிரல். அதைத்தான் நான் பார்க்கவில்லை.

போன வருடம் துணிக்காரக் காக்காவிடம், அந்தச் செய்தியை நான் அனுப்பியதைச் சொன்னேன். சொல்வதற்கு நாலு வருடம் எடுத்திருக்கிறது. துணிப் பொதியை அவிழ்த்துக்கொண்டே கேட்டவர், முகம் சுளிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "அது எனக்கும் வந்திச்சி சேர். உங்கட ஆக்களப் பத்தியும் ஒண்டு வந்திச்சி. நானும் அனுப்பினதான்" என்றார். பிறகு கொப்பியை விரித்துப் பெயரைத் தேடினார். எனக்கு இன்னும் மூன்று தவணை பாக்கி இருந்தது.