கைதட்டியவர்களுக்கு: தலைவலி வயசானா வரத்தான் செய்யுமா?

மேடை நிகழ்ச்சி ஒன்றில் வயதான ஓர் அம்மா தன் தலைவலியைப் பற்றிச் சொல்லும் அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், என் பக்கத்தில் இப்போதும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. அந்த அம்மா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "மூணு மாசமா தலைவலி விடவே மாட்டேங்குதுங்க" என்கிறார். மேடையில் இருந்தவர் "இந்த வயசுல தலை இருக்கே, அதுவே பெரிய விஷயம்மா, வயசானா இதெல்லாம் வரத்தான் செய்யும்" என்கிறார். சிரிப்பு, கைதட்டல், அடுத்த கேள்வி. அந்த அம்மாவும் சேர்ந்து சிரித்துவிட்டு உட்கார்ந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக ஒரு தலைவலி ஆரம்பித்தால், அல்லது பழகிய தலைவலியே குணம் மாறினால், அதை வயதின் மேல் போட்டு அனுப்பக்கூடாது. மருத்துவப் பாடத்தில் அது எச்சரிக்கை அறிகுறி. மைக்ரேன் பலருக்கு வயது ஏற ஏறக் குறையத்தான் செய்கிறது. அப்படியிருக்க 65 வயதில் புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்தால் "இப்ப ஏன் வந்துச்சு?" என்று கேட்க வேண்டாமா?

என் அத்தைக்கும் இதே பதில்தான் கிடைத்தது. தலையில் சீப்பு பட்டாலே வலிக்கிறது என்பார். சீப்பை மடியில் வைத்துக்கொண்டு விரலாலேயே முடியை மெதுவாக ஒதுக்கிக்கொள்வார். சாப்பிட உட்கார்ந்தால் நாலு வாய் மென்றதும் தாடை கடுக்கும், கையைக் கன்னத்தில் வைத்தபடி கொஞ்ச நேரம் நிறுத்துவார், அப்புறம் மறுபடி மெல்லுவார். பல் மருத்துவரிடம் போனார், பல்லில் குறையில்லை. காலையில் தோளைத் தூக்க முடியவில்லை என்றதற்கு மூட்டுத் தேய்மானம் என்றார்கள். தலைவலிக்கு வயசு. இந்த மூன்றையும் ஒரே ஆள் ஒரே நாளில் உட்கார்ந்து கேட்டிருந்தால் விஷயம் விளங்கியிருக்கும். கேட்க ஆளில்லை. ஒருநாள் காலை எழுந்தபோது இடது கண்ணில் பார்வை இல்லை.

ஜயண்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ். ரத்தக்குழாய்ச் சுவர் அழற்சியால் வீங்கி, கண் நரம்புக்குப் போகிற ரத்தம் தடைபடுகிற நோய். 50 வயதுக்குக் கீழே கிட்டத்தட்ட வரவே வராது. மேயோ கிளினிக்கின் ஹார்ட்டனும் சகாக்களும் 1932இலேயே விவரித்துவிட்டார்கள், ஒன்றும் நேற்றுக் கண்டுபிடித்ததில்லை. முதலில் பார்ப்பது, உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற சாதாரண ரத்தப் பரிசோதனைகள். சந்தேகம் வலுத்தால் நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியின் முடிவுக்குக்கூடக் காத்திருக்காமல் ஸ்டீராய்டை ஆரம்பித்துவிடுவார்கள், ஏனென்றால் போன பார்வை பெரும்பாலும் திரும்பாது, ஆனால் மறு கண்ணைக் காப்பாற்றலாம். அத்தைக்கு மறு கண் தப்பித்தது. இப்போது சொல்லுங்கள், கைதட்டலாமா?

"உன் அத்தைக்கு வந்ததை வைத்து எல்லோரையும் பயமுறுத்தாதே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயம்தான். பெரும்பாலான தலைவலிகள் இப்படிப்பட்டவை இல்லை. டென்ஷன் தலைவலி, கழுத்து எலும்பிலிருந்து ஏறும் வலி, அவைதான் அதிகம். ஆனால் எது எது என்று யார் பிரித்துப் பார்ப்பது? பாத்ரூமில் லேசாக வழுக்கி, தலை சுவரில் இடித்து, அதை மறந்தே போய், சில வாரம் கழித்துத் தலைவலியும் தடுமாற்றமுமாக வருபவருக்கு மூளைக்கு மேலே ரத்தம் கட்டியிருக்கலாம், ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். குறட்டை விட்டுத் தூங்கி, காலையில் தலைபாரத்தோடு எழுந்திருப்பவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பார்க்கவேண்டும். நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் நைட்ரேட் மாத்திரையே தலைவலி தரும். 50க்கு மேல்தான் பெரும்பாலும் வரும் ஹிப்னிக் தலைவலி என்று ஒன்று, அலாரம் வைத்தாற்போல ராத்திரி ஏறக்குறைய அதே நேரத்துக்கு ஆளை எழுப்பிவிடும், அதற்குப் படுக்கும் முன் ஒரு கப் காபியே சிலருக்கு மருந்து. (ஆமாம், தூக்கம் கெடாதா என்று நானும்தான் கேட்டேன்.) இதில் எதற்கும் "வயசு" என்று பெயரில்லை.

எல்லோருக்கும் பிடித்த இன்னொரு பதில், பிரஷர். ரத்த அழுத்தம் 180/120 போல எகிறினால் அது வேறு விஷயம், அவசரம். கொஞ்சம் கூடியிருப்பதாலேயே தினமும் தலை வலிக்காது. வலியில் துடிப்பவருக்கு அளந்தாலும் பிரஷர் கூடத்தான் காட்டும்.

அப்பா கதை வேறு. தலையணைக்கு அடியில் மாத்திரை அட்டை, கண்ணாடிக் கூட்டுக்குள் ஒன்று, சட்டைப் பையில் பாதி கிழித்த இன்னொன்று. வலித்தால் போட்டுக்கொள்வார், அப்புறம் வலித்துவிடுமோ என்றே போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், பல மருந்து சேர்ந்த கலவை மாத்திரை என்றால் 10 நாளே போதும், இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போனால் அந்த மாத்திரையே தலைவலியை நிரந்தரமாக்கிவிடும். வயிற்றில் ரத்தக்கசிவும் சிறுநீரகக் கேடும் தனிக் கணக்கு. மருத்துவர் சொன்னபடி நிறுத்தியபோது ஆரம்பத்தில் வலி கூடியது, வீட்டில் யாரும் அவர் பக்கமே போக முடியவில்லை, பிறகுதான் அடங்கியது. இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவைப்படவில்லை. "மாசத்துல எத்தனை நாள் மாத்திரை போடுறீங்க?" என்று ஒரு புதிய மருத்துவர் கேட்டார், அவ்வளவுதான். முன்பு பார்த்தவர்கள் எல்லோரும் இன்னொரு மாத்திரை எழுதியவர்கள்.

வயதானவருக்கு மருந்து எழுதுவது லேசான வேலை என்று நான் சொல்லவில்லை. இதய நோய் இருந்தால் மைக்ரேனுக்குக் கொடுக்கும் டிரிப்டான் வகை மருந்து ஆகாது. தலைவலி வராமல் தடுக்க இளையவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், இந்த வயதில் குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு என்று படுத்தும், கீழே விழவும் வைக்கும். அதனால்தான் நிதானமாகக் கேட்கச் சொல்கிறேன்.

"மருத்துவர்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது?" தெரியும் சார். கூட்டமும் தெரியும், அவர்கள் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதும் தெரியும். ஆனால் அத்தை எதிரே உட்கார்ந்திருக்க, என் முகத்தைப் பார்த்து "பாட்டிக்கு எப்பலேர்ந்து?" என்று கேட்பதற்கு ஆகும் அதே நேரம்தானே அவரைப் பார்த்துக் கேட்பதற்கும் ஆகும்? "அவங்களையே கேளுங்க" என்றேன். "கூகுள் பார்த்துட்டு வந்தீங்களா?" என்றார் மருத்துவர். அத்தை சொல்ல வாயெடுத்ததை அப்படியே விழுங்கிக்கொண்டார். அவர் காது நன்றாகக் கேட்கும், நினைவாற்றல் என்னைவிட அதிகம், அந்த அறையில் தலைவலி இருந்ததும் அவர் ஒருவருக்குத்தான்.

மேடையில் இருந்தவர் விளையாட்டாகச் சொன்னார் என்கிறீர்கள். சரி.

"நீ என்ன டாக்டரா?" இல்லை. மேடையில் இருந்தவரும் இல்லை, அவரிடம் இதை யாராவது கேட்டீர்களா?

வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது! "ஆரம்பிச்சுட்டாங்கடா" என்று ஒருவர் சொல்ல நாலு பேர் சிரிப்பதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நாளில் அவர்களே சொல்வதை நிறுத்திவிடுகிறார்கள், "ஒண்ணுமில்ல, தூக்கம் சரியில்ல" என்று முடித்துக்கொள்கிறார்கள், நாமும் சரியாகிவிட்டது என்று நிம்மதியாகிவிடுகிறோம். வலி இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சொல்லப் பழக்கியதே நாம்தான், அப்புறம் "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்று அவர்களிடமே கோபப்படுவோம்.

சரி, கோபம் போதும். என்ன செய்வது என்று கேட்டவர்களுக்காக: என்றைக்கு, எந்த நேரம், எந்தப் பக்கம், என்ன மாத்திரை என்று ஒரு நோட்டில் அவர்களையே எழுதச் சொல்லுங்கள், மருத்துவர் முன்னால் அவர்களையே படிக்கவிடுங்கள். இடிபோல திடீரென்று வரும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வாய் கோணல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், கண் சிவந்து வாந்தியோடு வலி, விழுந்து அடிபட்ட பின் வரும் வலி, இவற்றுக்கு நோட்டெல்லாம் வேண்டாம், உடனே கிளம்புங்கள். கமெண்டில் யாராவது கைவைத்தியம் எழுதினால் அழித்துவிடுவேன், அதற்கும் சண்டைக்கு வராதீர்கள்.