முதலில் கசிவைக் கண்டுபிடியுங்கள்

நேற்று நான் போட்ட சுவர்ப் படத்தைப் பார்த்தவர்களுக்கு விவரம் தெரியும். பார்க்காதவர்களுக்கு: எங்கள் புது வீட்டில், மாடிக் குளியலறைக்குக் கீழே உள்ள சுவரில் ஈரக் கறை படர்ந்திருக்கிறது. இன்று காலை கட்டுநர் தரப்பிலிருந்து இரண்டு பேர் பட்டியும் பெயின்ட்டுமாக வந்தார்கள். சுரண்டிவிட்டு இரண்டு கோட் அடித்தால் கறை தெரியாதாம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் சுவரில் கை வைக்க விடமாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

அப்போது தொடங்கிய அறிவுரை இன்னும் ஓயவில்லை. "புதுக் கட்டடம் என்றால் ஈரம் இருக்கத்தான் செய்யும்" என்கிறார்கள். உண்மைதான். கான்கிரீட்டிலும் பூச்சிலும் உள்ள ஈரம் போக மாதக்கணக்கில் ஆகும். ஆனால் அந்த ஈரம் நாளுக்கு நாள் குறையும். எங்கள் வீட்டில் மாடிக் குளியலறையில் யாராவது குளித்தால் கீழே கறை அகலமாகிறது. அதன் விளிம்பில் வெள்ளை உப்பு பூத்திருக்கிறது. விரல் பட்டால் பூச்சு மாவாக உதிர்கிறது. உலரும் சுவர் இப்படியா இருக்கும்?

கண்டுபிடிப்பதும் பெரிய வித்தை இல்லை. எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் தண்ணீர் மீட்டர் ஓடினால், தண்ணீர் வரும் குழாயில் ஓட்டை. எங்கள் மீட்டர் அசையவில்லை. அப்படியானால் சந்தேகம் கழிவுக்குழாய் இணைப்பின் மீதும் தரையின் நீர்க்காப்புப் பூச்சின் மீதும்தான். வடிகால் வாயை அடைத்து, தரையில் தண்ணீர் தேக்கி, 24 மணி நேரமாவது விட்டு, கீழே ஈரம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இதை ஓடு பதிக்கும் முன்பே செய்திருக்க வேண்டும். செய்தீர்களா என்று கட்டுநரைக் கேட்டால் பதில் இல்லை. பெயின்ட் மட்டும் வருகிறது.

"ஒரு சின்னக் கறைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்பவர்களுக்கு: அந்தச் சுவரை ஒட்டித்தான் அப்பாவின் அலமாரி இருந்தது. பின்பலகை உப்பி, உள்ளே கரும்பூஞ்சை. அவர் பாடம் நடத்தக் குறிப்பெழுதிய நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. மெதுவாகத்தான் பிரித்தேன். மை நீலமாகப் பரவி, எழுத்தே இல்லை. அப்பா இப்போது இல்லை. இன்னொரு முறை எழுதித்தர யாரும் இல்லை. இதற்கு எந்த கோட் அடிப்பீர்கள்?

கட்டுநரைப் பகைத்துக்கொள்ளாதே என்கிறீர்கள். நான் யாரையும் பகைக்கவில்லை. படம் எடுத்து, தேதியிட்டு, எழுத்தில் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். தண்ணீர் உள்ளேயே ஊறினால் கம்பி துருப்பிடிக்கும்; துரு பருத்தால் கான்கிரீட் வெடிக்கும். அன்றைக்கு அறிவுரை சொன்னவர்கள் யார் வந்து நிற்பீர்கள்?

வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டிய வீட்டில் தண்ணீர் ஒழுகுகிறது என்று சொன்னால் நான் சண்டைக்காரன். ஒழுக விட்டவர் பெரிய மனிதர், அவரிடம் பணிவாகப் பேச வேண்டும். சாவியை வாங்கிய நாளில் என் மனைவியிடம் எல்லாம் சோதித்தாகிவிட்டது என்று சொன்னவர் அவர்தான். சோதித்த பதிவேட்டைக் காட்டட்டும். இல்லையென்றால் குளியலறைத் தரையைத் திறக்கட்டும்.