நாற்காலியில் உட்காருபவர் முதலில் வார்டில் நின்றிருக்க வேண்டும்

சனிக்கிழமைக் கூட்டத்தில் அந்தப் பெரியவர் பேசியதை மறந்துவிடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். முடியவில்லை. "மாவட்ட மனநலப் பிரிவுக்குத் தலைவராக மனநலப் படிப்பு எதற்கு? ஆபீஸ் நடத்தத் தெரிந்தால் போதும்" என்றார். நம்மவர்கள் கைதட்டினார்கள். எனக்கு வலித்தது அந்தக் கைதட்டல்தான்.

ஆபீஸ் நடத்தத் தெரிந்தால் போதுமா? தென்னாப்பிரிக்காவின் கௌடெங் மாகாணத்தில் சுகாதாரத் துறையினர் செலவைக் குறைக்கிறோம் என்று, லைஃப் எசிடிமேனி என்ற தனியார் மனநலப் பராமரிப்பு நிறுவனத்துடன் இருந்த ஒப்பந்தத்தை முடித்தார்கள். 2016-ல் நோயாளிகளைத் தொண்டு நிறுவனங்களுக்கு மாற்றினார்கள், சிலரைத் திறந்த பிக்அப் வண்டியில் ஏற்றி. அந்த 27 நிறுவனங்களில் ஒன்றுக்குக்கூட முறையான உரிமம் இல்லை என்று, இதை விசாரித்த சுகாதாரக் குறைதீர்ப்பாளர் மகோபாவின் அறிக்கை சொன்னது. 144 நோயாளிகள் இறந்துபோனார்கள். மனநல மருத்துவர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். கேட்க வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் கேட்கவில்லை.

"அன்று கௌடெங் சுகாதாரத் துறைத் தலைவராக இருந்தவரும் டாக்டர்தானே?" என்று யாராவது கேட்பீர்கள். சரி, டாக்டர்தான். நான் பட்டத்தைக் கேட்கவில்லையே! மனநல வார்டில் வேலை பார்த்தவரா என்று கேட்கிறேன். டாக்டரோ, சைக்காலஜிஸ்டோ, மனநல நர்ஸோ, யாராகவும் இருக்கட்டும், வார்டில் நின்றிருக்க வேண்டும்.

மனநல மருத்துவர்களே குறைவு, அவர்களையும் ஆபீஸில் உட்கார வைத்தால் நோயாளியை யார் பார்ப்பது என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் நர்ஸையும் சேர்த்துச் சொல்கிறேன். இருபது வருடம் வார்டில் இருந்த சிஸ்டருக்கு பட்ஜெட் போடக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

என் தம்பிக்கு மனநோய்க்காக மாதம் ஒரு ஊசி. ஒருமுறை கிளினிக்கில் மருந்து இல்லை. மேலே இருந்த அதிகாரிக்குப் போன் செய்தேன். "ஒரு மாதம்தானே, அடுத்த மாதம் போட்டுக்கொள்ளலாம்" என்றார். மனநல வார்டைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஆறாவது வாரம், அம்மா வைத்த சோற்றில் விஷம் இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டான். அம்மாவும் அன்று சாப்பிடவில்லை. சொந்தக்காரர்கள் செய்வினை என்றார்கள், காவடி எடுக்கச் சொன்னார்கள். எடுத்தோம். முருகன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஊசி வந்திருக்க வேண்டும்.

அன்று ராத்திரி அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி எடுத்து வந்தவர்கள் இரண்டு பேர், சனிக்கிழமை எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணா, நீங்களுமா கைதட்டினீர்கள்?