அந்த 40 விநாடி வீடியோ

சினிமா சாராத இண்டி பேண்ட் ஒன்றின் ஹால் நிகழ்ச்சியில் பாடகர் சுருதி விலகிப் பாடுகிற அந்த வீடியோவை இதுவரைக்கும் ஏழு பேர் இன்பாக்ஸில் அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன், போதும். "உங்க இண்டி ஹீரோ பாடுற லட்சணம் ப்ரோ" என்று கூடவே மூணு சிரிப்பு. பாடகர் குனிந்து தரையைக் காட்டுகிற இடத்தை மட்டும் வெட்டி, "சுருதி கீழ விழுந்துடுச்சு, தேடுறாரு" என்று மீம் வேறு. நல்ல காமெடிதான், நானும் ஒரு நொடி சிரித்தேன்.

அவர் காட்டியது காலடியில் இருந்த மானிட்டரை, அதாவது மேடையில் இருப்பவருக்குத் தன் சத்தம் கேட்க அவரைப் பார்த்து வைக்கிற ஸ்பீக்கரை. அதில் அவர் குரல் வரவில்லை. பார்வையாளர்களைப் பார்த்திருக்கிற பெரிய ஸ்பீக்கரில் என்ன போகிறது என்பது மேடைக்காரருக்குச் சரியாகக் கேட்காது. சப்வூஃபரின் தும் தும் கேட்கும், டிரம்ஸ் காதைப் பிளக்கும். குரலுக்கு அந்த மானிட்டர் ஒன்றுதான் கதி. அது செத்தால் ஆள் கத்துவார், கத்தினால் சுருதி விலகும். யாராக இருந்தாலும்.

மானிட்டர் ஏன் செத்தது? அன்றைக்கு சவுண்ட் செக், அதாவது நிகழ்ச்சிக்கு முன் ஒலியைச் சரிபார்ப்பது, 20 நிமிடம். கதை மொத்தமும் அவ்வளவுதான். எல்லா மைக்கின் ஒலியையும் கலந்து அனுப்புகிற மிக்ஸரை ஏற்றிய வண்டி வந்து இறங்கியதே அஞ்சரைக்கு. ஆறரைக்குக் கதவு திறக்கணும். ஒயர் இழுத்து முடித்தபோது மிச்சம் இருந்தது 20 நிமிடம். கணக்குப் போடுங்கள்: டிரம்ஸுக்கு 6 மைக், பறைக்கு 2, பேஸ் 1, கிடார் 2, கீபோர்டு 2, குரல் 3. மொத்தம் 16 சேனல். ஒரு சேனலுக்கு 75 விநாடி. அதற்குள் கெயின் (மைக் சத்தத்தின் அளவு) வைக்கணும், ஈக்யூ (கனத்த, மெல்லிய ஒலிகளை ஏற்றி இறக்குவது) தொடணும், மேடையில் யார் யாருக்கு எவ்வளவு வேணும் என்று கேட்டு அனுப்பணும். நம்ம ஊரில் கிக் டிரம்மில் ஆரம்பித்து வரிசையாக வருவதுதான் வழக்கம், குரல் கடைசி. நேரம் குறைந்தால் அடி வாங்குவதும் குரல்தான். நேரமில்லாத அன்றைக்காவது குரலை முதலில் எடுங்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் அந்த "டும் டும் டும்" பத்து நிமிடம் ஓடாமல் யாருக்கும் தூக்கம் வராது போல.

இதில் இன்னொரு கோளாறு. பாடகர் தன் சொந்த மைக்கைக் கொண்டுவந்திருந்தார். அது சூப்பர் கார்டியாய்டு. சாதாரண கார்டியாய்டு மைக் நேர் பின்னால் வருகிற சத்தத்தை எடுக்காது, அதனால் மானிட்டரை நேர் எதிரே வைக்கலாம். சூப்பர் கார்டியாய்டுக்கு நேர் பின்னால் கொஞ்சம் காது உண்டு. அது செவிடாக இருப்பது மைக்கின் முகத்திலிருந்து சுமார் 120 டிகிரி தள்ளி, இரண்டு பக்கமும். மானிட்டரை அங்கே நகர்த்தணும். யாரும் நகர்த்தவில்லை. மானிட்டர் சத்தம் மைக்குக்குள்ளேயே திரும்பப் போய், முதல் பாட்டு தொடங்கியதுமே கூவ ஆரம்பித்தது. நேரம் இருந்திருந்தால், மானிட்டரை மெதுவாக ஏற்றி, எந்த இடத்தில் கூவுகிறது என்று பிடித்து, 31 பேண்ட் ஈக்யூவில் அந்த இடத்தை மட்டும் 3 டெசிபல் குறைப்பார்கள். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடம் இல்லாததால் கன்சோலில் (அதே மிக்ஸரில்) இருந்த பையன் பாடகரின் குரலையே மானிட்டரில் இறக்கிவிட்டான். ஊளை நின்றது, பாட்டும் போச்சு. அந்தப் பையனையும் நான் திட்டமாட்டேன், அவனுக்கு வேறு வழி இல்லை.

"சரி, தாளத்துலயும் நிக்கலையே?" என்று நான்கு பேர். அந்த ஹாலின் பின்சுவர் மேடையிலிருந்து கிட்டத்தட்ட 25 மீட்டர். மொழுமொழு சிமெண்ட், திரைகூடக் கிடையாது. நம்ம ஊர் வெக்கையில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். சுவரில் முட்டித் திரும்பி வர 50 மீட்டர், அதாவது ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்கு, சுமார் 0.14 விநாடி. அந்தப் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 120 தாள அடி என்று வையுங்கள். ஒரு அடி அரை விநாடி, அதில் கால் பங்கு 0.125 விநாடி. மானிட்டர் இல்லாதவருக்குத் தன் குரல் கேட்பதே கால் அடிக்கும் மேல் பிந்தி, சுவரிலிருந்து. அதைப் பிடித்துக்கொண்டு பாடினால் இழுக்காமல் என்ன செய்யும்?

அப்புறம் அந்தப் போன். கடைசி வரிசையில் கையை உயர்த்தி ஜூம் பண்ணி எடுத்தது. அவ்வளவு சத்தத்தில் போன் தானாகவே மைக்கை அமுக்கும், பேஸ் காணாமல் போகும், சுவரின் எதிரொலி முன்னால் வந்து நிற்கும். பின்வரிசைக்கு ஒலி வந்து சேருவதே 30 ஃப்ரேம் வீடியோவில் இரண்டு ஃப்ரேம் தாமதம், டிரம் குச்சி விழுந்த பிறகுதான் சத்தம். இதை வைத்துத்தான் தாளம் தப்பு என்று தீர்ப்பு!

மார்கழி சீசனில் சபாவுக்குப் போகிறவர்கள் இதையும் யோசிக்கணும். வித்வான் பல்லவிக்கு நடுவில் விரலை மேலே காட்டி "ஏத்துப்பா" என்பார், அப்புறம் வயலினைக் காட்டுவார், தம்புராவைக் காட்டுவார். "பாடத் தெரியலை, தேடுறாரு" என்று யாராவது மீம் போட்டீர்களா? அவர் கேட்டால் ஞானம், இவர் கேட்டால் நடிப்பு. மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் மைக்கே இல்லாமல் பாடுகிறார்களே என்று கமெண்டில் வரும், தெரியும். அங்கே பக்கத்தில் டிரம் செட் இல்லை சார்.

"ப்ரொஃபஷனல்னா சமாளிக்கணும்." சரி, சொந்த மைக் கொண்டுவருவதை முன்கூட்டியே சொல்லாதது அவர் தப்பு. இன்இயர் (மானிட்டருக்குப் பதில் காதுக்குள் வைக்கிற இயர்போன்) போட்டிருக்கலாம், அதுவும் சரி. ஆனால் ஏழு பேர் பேண்டுக்கு இன்இயர் செட் எடுக்கிற காசை யார் கொடுத்தது? "உங்களுக்கு நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும்" என்று சொல்லிக் கூப்பிட்டவர்களா? சினிமாப் பாட்டு மெகா ஷோவில் குரலுக்கு அடியில் ரெக்கார்டிங் ஓடினால் அது "என்ன பெர்ஃபார்மன்ஸ்யா". இங்கே ஒருவர் உண்மையாகவே, அடியில் ஒன்றும் ஓடாமல் பாடினார். அதுதான் அவர் செய்த குற்றம் போலிருக்கிறது.

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற பேண்ட் முதல்முறை மேடை ஏறியதிலிருந்து பறையும் கானாவும் கிடாரும் ஒரே மேடையில் நிற்கிற பேண்டுகளை இந்த ஊர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. இன்னமும் பறைக்கு எங்கே மைக் வைப்பது என்று மேடையில் வந்துதான் யோசிக்கிறார்கள். பறையைப் பாடகருக்குப் பின்னால் நிறுத்தினால் அவர் மைக்கில் பாதி பறைதான் கேட்கும். நான்கு அடி பக்கவாட்டில் தள்ளினால் போதும். கடற்கரை ஈரத்தில் தோல் தளரும், தீயில் காய்ச்சணும், அதற்கு ஹாலில் அனுமதி கிடையாது. இதற்கெல்லாம் மீம் இல்லை.

அந்த "ங்ங்ங்" சத்தத்தைக் கிண்டல் செய்தவருக்கு: அது 50 ஹெர்ட்ஸ் கரண்ட். கன்சோலுக்கும் கிடார் ஆம்புக்கும் வேறு வேறு போர்டிலிருந்து லைன் எடுத்ததால் வந்தது. ஒருவர் ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றப் போனார். தயவுசெய்து எங்கேயும் அதைச் செய்யாதீர்கள். கையில் கிடார் கம்பி, உதட்டில் மைக், ஷாக் ஆளையே கொன்றுவிடும். கிடாரை மிக்ஸரோடு இணைக்கிற டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது, அதைத் தட்டினால் பெரும்பாலும் போய்விடும்.

லேட்டா ஆரம்பிச்சு நிதானமா செக் பண்ணலாமே என்பவர்களுக்கு, ராத்திரி 10 மணிக்கு ஸ்பீக்கர் நிற்கணும். முன்னால் போன நேரத்தைப் பின்னால் வாங்க முடியாது.

"டெக்னிக்கலா பேசி முட்டுக் கொடுக்குறான்" என்று எழுதப்போகிறீர்கள். ஆமாம், முட்டுதான். மூணு வருஷமாக டிக்கெட் வாங்கிப் பின்னால் நிற்கிறவன் இதுகூடக் கொடுக்காவிட்டால் எப்படி? அடுத்த சனிக்கிழமை அதே ஹாலில் வேறு பேண்ட். சவுண்ட் செக் நாலரைக்காம், கதவு ஆறரைக்காம். மிக்ஸர் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "வந்துரும் ப்ரோ" என்றார்கள்.