மீதி நான்கு போல்ட்டை எங்கே முறுக்குவதாம்?

கிளட்ச் விற்கிறவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்வி. இந்த செட் எத்தனை நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தாங்கும்? கிடைக்கிற பதிலும் ஒன்றுதான்: "ஸ்டேஜ் 2 சார், எல்லா டர்போ வண்டிக்கும் பொருந்தும்." ஸ்டேஜ் 2 என்பது எந்த ஊர் அளவு? அதற்குப் பொது வரையறை எதுவும் கிடையாது. ஒரு கம்பெனிக்கு அது கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டில் அழுத்தம் கூட்டியது, இன்னொன்றுக்குக் கெவ்லார் இழை பிளேட், மற்றொன்றுக்கு செராமிக் வில்லை ஒட்டிய பிளேட். பெயர் ஒன்று, சரக்கு மூன்று.

என் வண்டி முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 லிட்டர் டர்போ. ஆலையிலிருந்து வந்தபோது 150 குதிரைத்திறன், 210 நியூட்டன் மீட்டர். ரீமேப் செய்தால், அதாவது எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றினால், அந்த 210 என்பது 280, 300 என்று எகிறிவிடும். மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்தால் ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளி ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. பின்னாலேயே கருகல் வாடை. கிளட்சை வழுக்க வைப்பது முறுக்குவிசை. அதிலும் சின்ன டர்போ என்பதால் அது 2,000 சுற்றை ஒட்டியே வந்து குவிகிறது. ஆனால் இவர்கள் கேட்பதோ "எத்தனை ஹார்ஸ்பவர்?" தப்பித்தவறி முறுக்குவிசை எண் ஒன்றைச் சொல்லிவிட்டால், அது எஞ்சினில் அளந்ததா சக்கரத்தில் அளந்ததா என்று கேட்டதும் போன் துண்டிக்கப்படுகிறது.

எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃபிளைவீலின் கதை இதைவிட மோசம். என் வண்டியில் ஆலை பொருத்தியது டூயல் மாஸ், அதாவது இரண்டு துண்டாகச் செய்தது. அதிர்வை வாங்கும் ஸ்பிரிங் ஃபிளைவீலுக்குள்ளேயே இருப்பதால் கிளட்ச் பிளேட்டின் நடுவில் ஸ்பிரிங் தேவையில்லை. ஒரே துண்டான சிங்கிள் மாஸுக்கு மாறினால் ஸ்பிரிங் வைத்த பிளேட் போட வேண்டும். இல்லையென்றால் நியூட்ரலில் நிற்கும்போதே கியர்பாக்ஸ் கடகடக்கும். இது தெரியாமல் சிங்கிள் மாஸ் ஃபிளைவீலையும் ஸ்பிரிங் இல்லாத பிளேட்டையும் ஒரே பெட்டியில் போட்டு அதற்குக் 'கிட்' என்று நாமகரணம் வேறு!

ஃபோக்ஸ்வேகன் குடும்பத்து வண்டிகளில் நெடுநாளாகத் தெரிந்த வழி ஒன்று உண்டு. கொராடோ ஜி60 காரின் 228 மி.மீ. சிங்கிள் மாஸ் ஃபிளைவீல், அதன்மேல் ஆறு சிலிண்டர் விஆர்6 எஞ்சினின் பிரஷர் பிளேட்டும் கிளட்ச் பிளேட்டும். என்னுடைய 02ஜே கியர்பாக்ஸோடு இது சேரும். சரி, கேட்டுப் பார்ப்போம் என்று கியர்பாக்ஸ் மேல் அப்பியிருந்த எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பொறித்திருந்த மூன்றெழுத்துக் குறியீட்டைப் படமெடுத்து ஒரு விற்பனையாளருக்கு அனுப்பினேன். ஆசாமி படத்தைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. "விஆர்6 ஃபிளைவீலையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள், தள்ளுபடி தருகிறேன்" என்கிறார். ஐயா, ஃபிளைவீலை மாட்ட விஆர்6 கிராங்கில், அதாவது எஞ்சினின் சுழல்தண்டில், 10 போல்ட். என் நான்கு சிலிண்டர் கிராங்கில் 6. மீதி நான்கை எங்கே முறுக்குவதாம், உங்கள் தலையிலா?

"எதற்கு வம்பு, இருப்பதிலேயே முரட்டு செட்டைப் போட்டுவிடுங்கள்" என்று அறிவுரை சொல்லவும் ஆட்கள் இருக்கிறார்கள். போடலாம். அவிநாசி சாலை சிக்னல்களில் அந்த பெடலை மிதித்து நிற்பது அவர்கள் காலா? ஒவ்வொரு மிதிக்கும் அந்த அழுத்தம் கிராங்க் முன்பின் நகராமல் தாங்கும் திரஸ்ட் பேரிங்மேல் விழுகிறது. செராமிக் என்றால் பாதிக் கடி என்பதே கிடையாது. ஒன்று வண்டி நிற்கும், அல்லது பாயும். பிளேட் தவறாகப் போனால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும், பட்டறைக் கூலி என் பையிலிருந்து.

போல்ட்டைப் பற்றிக் கேட்டதற்கு வந்த பதில்தான் உச்சம். ஃபிளைவீல் போல்ட்கள் ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டியவை. 60 நியூட்டன் மீட்டர் இறுக்கி, அதன்மேல் 90 டிகிரி திருப்ப வேண்டும், அதில் அவை நீண்டுவிடும். "பழைய போல்ட்டே போதும் சார்" என்று எழுதி, கூடவே கட்டைவிரல் படம் ஒன்றையும் அனுப்பியிருக்கிறார். அந்தப் பழைய போல்ட்டோடு 6,000 சுற்றில் நான் ஓட்டுகிறேன். அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வரட்டும்.