தூங்குகிற டிரைவர் படம் போட்டவருக்கு

சரி, மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன், முடியவில்லை. எந்தப் பதிவைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். மும்பைக்குப் பக்கத்தில் உள்ள நவ சேவா துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், டிரெய்லர் ஜன்னலுக்கு வெளியே இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு தூங்குகிற டிரைவர் படம். மேலே, "இவர்கள் எழுந்தால்தான் நம் ஏற்றுமதி எழும்" என்று ஒரு வரி. செம்பூரில் நான் மதிக்கிற ஆட்களில் பாதிப் பேர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள். என் மச்சான் உட்பட.

எழுதியவர் விவரமானவர்தான். கிரேன் மணிக்கு எத்தனை கன்டெய்னர் பெட்டி தூக்குகிறது, கப்பல் எத்தனை மணி நேரத்தில் கிளம்புகிறது எல்லாம் அவருக்கு விரல் நுனியில். ஒரு கணக்கு மட்டும் அவரிடம் இல்லை. லாரி துறைமுகத்தின் கேட்டுக்கு வெளியே நின்ற நேரம்.

டிரக் டர்ன்அரவுண்ட் டைம் என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அது வண்டி கேட்டுக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை உள்ள நேரம். வெளியே வரிசையில் ஆறு மணி நேரம் நின்றாலும் பதினாறு மணி நேரம் நின்றாலும் அது அதில் வராது. கல்யாணப் பந்தியில் இலை போட்டதிலிருந்து கை கழுவியது வரை நேரம் பார்த்துவிட்டு, இருபதே நிமிடத்தில் சாப்பாடு முடிந்தது என்று சொல்கிற மாதிரி. முதல் பந்தி ஆட்களின் நாற்காலிக்குப் பின்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றவனைக் கேளுங்கள், எவ்வளவு நேரம் ஆனது என்று. உலக வங்கி ஒரு துறைமுகக் குறியீடு போடுகிறதே, அதுவும் கப்பல் துறைமுகத்தில் இருந்த நேரத்தைத்தான் அளக்கிறது. கப்பல் காத்திருந்தால் அது செய்தி. லாரி காத்திருந்தால் டிரைவர் சோம்பேறி.

வரிசை ஏன் வருகிறது? கப்பலுக்கு கட்-ஆஃப் உண்டு, அதாவது பெட்டியை உள்ளே சேர்க்க வேண்டிய கடைசி நேரம். ஃபாக்டரியில் கடைசி நேரம் வரை பேக்கிங் ஓடும், எல்லாப் பெட்டியும் ஒரே ராத்திரியில் கிளம்பும். அதோடு மும்பை, தானே பக்கம் காலையிலும் சாயங்காலமும் கனரக வண்டிக்குத் தடை. அணையைத் திறந்தது மாதிரி, தடை முடிந்ததும் மொத்தமாக வந்து விழுவார்கள். 1989இல் திறந்த துறைமுகம், 2024-25இல் இருபதடிப் பெட்டிக் கணக்கில் 70 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பகுதி ரோட்டில்தான் போகிறது, வருகிறது. இதில் தூக்கம் எங்கே வந்தது?

இன்னொரு வேடிக்கை. கன்டெய்னர் கப்பலைத் தொடங்கி வைத்த மால்கம் மெக்லீன் ஒரு லாரிக்காரர். துறைமுகத்தில் பஞ்சு மூட்டை இறக்க நாள் முழுக்கக் காத்திருந்து நொந்துபோன அன்றுதான், லாரிப் பெட்டியை அப்படியே கப்பலில் தூக்கி வைத்தால் என்ன என்று தோன்றியதாகச் சொல்வார்கள். 1956இல் 58 பெட்டிகளோடு முதல் கப்பலை விட்டார். லாரிக்காரன் காத்திருக்கக் கூடாது என்று வந்த பெட்டி ஐயா இது.

நான் ஒரு கிளியரிங் ஏஜென்ட், அதாவது சரக்குக்குச் சுங்க வேலை முடித்துக் கொடுப்பவர், ஆபீஸில் டாக்குமென்ட் பார்க்கிறவன். ஏசி ரூம். ஒரு மழைக்காலம், ஃபாக்டரிகள் இருக்கிற தலோஜாவிலிருந்து துறைமுகத்துக்கு ஒரு நாற்பதடிப் பெட்டி. முப்பது கிலோமீட்டர் சொச்சம். டிரைவர் ராசிபுரத்து அண்ணன். ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணினார், துறைமுகத்துக்குப் பக்கத்துச் சந்திப்பான கரல் ஃபாட்டா தாண்டி நிற்கிறேன் என்று. பேசிக்கொண்டிருக்கும்போதே, "தம்பி இருங்க, முன்வண்டி நகருது" என்றார். அப்புறம் பாத்திரம் உருளுகிற சத்தம். வண்டிக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சோறு வடிக்கப் போகிற நேரம். ஒரு வண்டி நீளம் நகர்வதற்காக, கொதிக்கிற சட்டியைத் துண்டால் பிடித்து கேபினில் ஏற்றி, அவ்வளவு தூரம் ஓட்டி, மறுபடி இறக்கி, நனைந்த ஸ்டவ்வைப் பற்ற வைக்க வேண்டும். அன்று ராத்திரி அப்படி நாலு தடவை. சோறு கடைசிவரை வேகவில்லை என்று மறுநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்.

விடியற்காலை கேட்டில் திருப்பிவிட்டார்கள். பெட்டியைத் துறைமுகத்துக்குள் விடுவதற்கான தாளான ஃபார்ம் 13இல், பெட்டிக் கதவில் போடும் சீலின் நம்பர் ஒரு எண் மாறியிருந்தது. அதை அடித்தவன் நான். கன்டெய்னர் நம்பர் தப்பாக அடித்தால், மற்றவற்றை வைத்துக் கணக்குப் போட்டு வருகிற கடைசி எண் காட்டிக் கொடுத்துவிடும், சீல் நம்பருக்கு அப்படி எதுவும் கிடையாது. நான் திருத்தி அனுப்பப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் வரிசையின் வாலுக்குப் போய் மறுபடி நின்றார். கட்-ஆஃப் போனது, பெட்டி ஷட் அவுட், கப்பலில் ஏறவில்லை. சரக்கு அனுப்புகிற பார்ட்டி போனில் கத்தினார், பெட்டி என்ன ஆச்சு என்று. டிரைவர் என்ன ஆனார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும்தான். பெட்டி லேட்டானால் கப்பல் லைன்காரன் டாலரில் டிடென்ஷன் என்று தாமதக் கட்டணம் போடுவான். அண்ணனுக்கு ஹால்டிங், அதாவது காத்திருந்த கூலி, என்று ஒரு ரூபாய் வரவில்லை. கேட்டுக்குள்ளேயே போகாததால் அன்றைய டர்ன்அரவுண்ட் கணக்கிலும் அவர் இல்லை. இருபத்தாறு மணி நேரம் நின்ற மனிதன் எந்தத் தாளிலும் நிற்கவே இல்லை.

இப்போது வருவார்கள், "ரயிலில் அனுப்ப வேண்டியதுதானே" என்று. டெல்லிக்கு அனுப்புங்கள், தாராளமாக. பக்கத்திலேயே இருக்கிற தலோஜாவுக்கும் பிவண்டிக்கும் ரயில் விடப் போகிறீர்களா? "டிரைவர்கள் குடிக்கிறார்கள்" என்பார்கள். உங்கள் ஆபீஸ் பார்ட்டியில் என்ன பானகமா கொடுத்தார்கள்? "லாரி நிறுத்தப் பார்க்கிங் பிளாசா கட்டியிருக்கிறார்களே" என்றால், நல்லதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. நிற்க இடம் கிடைத்தது. நின்ற நேரம் கணக்கில் ஏறியதா? அதைத்தானே முதலிலிருந்து கேட்கிறேன். "லாரிக்கு நேரம் ஒதுக்குகிற அப்பாயின்ட்மென்ட் முறை வந்தால் சரியாகிவிடும்" என்று ஒரு நண்பர் நேற்றே போனில் சொன்னார். ஓரளவு சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நேரம் தவறினால் லாரிக்காரனுக்கு அபராதம், கேட் தவறினால் யாருக்கு அபராதம் என்று கேட்டேன். அவருக்கு வேறு கால் வந்துவிட்டது.

உனக்கு ஏன் இவ்வளவு கோபம், நீ என்ன லாரியா ஓட்டுகிறாய் என்று கேட்பீர்கள். இல்லை. தப்பு நம்பர் அடித்துவிட்டு ஏசியில் உட்கார்ந்திருந்தவன். அதுதான்.

மச்சான், அந்தப் படத்தை இரண்டு விரலால் கொஞ்சம் பெரிதாக்கிப் பார். அந்தக் காலுக்கு முன்னால் இன்னொரு டிரெய்லரின் பின்பக்கம் தெரியும். அதற்கு முன்னால் இன்னொன்று. வளைவு வரைக்கும் நிற்கிறது. அவர் எழுந்து எங்கே ஓட்டுவார்?